கருப்பைக்குள்ளேயே முடிவாகும் இருப்பு: கால்நடைகளில் முட்டையணுக்கள் உருவாகும் விதம்

பசு ஒன்று தன் வாழ்நாளில் ஈனப்போகும் கன்றுகளுக்கான முட்டையணுக்கள் எப்போது உருவாகின்றன? அது பருவமடையும்போது என்றோ, முதல் தடவை சினைக்கு வரும்போது என்றோ பலர் கருதக்கூடும். உண்மையில், அப்பசு பிறப்பதற்கு முன்பே, தன் தாயின் கருப்பைக்குள் இருக்கும் காலத்திலேயே அவை உருவாகிவிடுகின்றன. அவற்றின் எண்ணிக்கையும் அப்போதே பெருமளவுக்கு முடிவாகிவிடுகிறது. இன்று தொழுவத்தில் நிற்கும் கன்று எந்த முட்டையணுவிலிருந்து பிறந்ததோ, அந்த முட்டையணு உருவான இடம் அக்கன்றினுடைய பாட்டியின் வயிறு.

சிற்சில வேறுபாடுகளுடன் செம்மறி ஆட்டுக்கும், பன்றிக்கும், மனிதருக்கும் இது பொருந்தும். ஆண் விலங்கின் நிலை வேறு. பருவமடைந்த பின்னரே விந்தணு உற்பத்தி தொடங்குகிறது. அதன் பிறகு அது நாள்தோறும் தொடர்கிறது. பெண் விலங்கோ கையிருப்பை மட்டும் வைத்து வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கையிருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை என்ற கேள்விக்குக் கிடைத்துவரும் விடைகள் பால் பண்ணைகளை மட்டும் தொடுபவை அல்ல. சினைமாட்டுக்கு எப்போது நன்றாகத் தீனி வைப்பது என்பதில் தொடங்கி, கழிவுநீர்ச் சகதியை எங்கே கொட்டுவது, பிறக்காத ஓர் உயிரைத் தாயாக்கலாமா என்பன வரை அவை நீள்கின்றன.

நூற்றி பத்தாவது நாள்

பசுவின் சினைக்காலம் சராசரியாக 280 நாட்கள். முட்டையணுக்களாக மாறவிருக்கும் ஆதி இன உயிரணுக்கள் சூலகத்தில் தோன்றுபவை அல்ல என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கருவுக்கு வெளியே, கருவுணவுப்பையை ஒட்டிய பகுதியில் முதலில் காணப்படும் அவை, குடலாக வளரவிருக்கும் பகுதியின் வழியே நகர்ந்து, சூலகம் உருவாகவிருக்கும் இடத்தை வந்தடைகின்றன. அங்கே அவை ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகுகின்றன.

இந்தப் பெருக்கத்தை எண்ணிக் கணக்கிட்டவர்களுள் முக்கியமானவர் பி. எச். எரிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர். அவர் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கே இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி, சினையின் 110ஆவது நாளளவில் கருவிலிருக்கும் கிடாரிக் கன்றின் இரு சூலகங்களிலும் சேர்த்து சுமார் 27 இலட்சம் இன உயிரணுக்கள் இருக்கின்றன. ஆனால் கன்று பிறக்கும்போது எஞ்சுபவை ஏறத்தாழ 68,000 மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்டவை, கன்று வெளியுலகைக் காண்பதற்கு முன்பே மடிந்துவிடுகின்றன.

மாடுகளின் முட்டையணுக்களை எண்ணும் இந்தப் பணி எங்கே நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ், இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்கென்றே எழுப்பப்பட்ட நகர். அங்கு டென்னசிப் பல்கலைக்கழகமும் அமெரிக்க அணுசக்தி ஆணையமும் இணைந்து நடத்திய வேளாண் ஆய்வுகூடத்தில், கதிர்வீச்சு கருவிலிருக்கும் கன்றின் சூலகத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதே ஆராயப்பட்ட கேள்வி. பாதிப்பை அளக்க வேண்டுமானால் முதலில் இயல்பான எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். பனிப்போர்க் காலத்து அச்சம் ஒன்று கால்நடை அறிவியலுக்கு அடிப்படைக் கணக்கு ஒன்றைத் தந்துவிட்டுப் போனது எனலாம்.

எஞ்சும் இருப்பு எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. சில கன்றுகள் 10,000 நுண்பைகளோடு பிறக்கின்றன. வேறு சில மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றோடு பிறக்கின்றன. ஒரே இனம், ஒரே வயது, ஒரே தொழுவம் என்றிருந்தும் இந்த வேறுபாடு காணப்படுகிறது.

பாதியில் நிற்கும் பிரிவு

மூன்றாம் மாத அளவில், பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களில் ஒரு பகுதி பெருக்கத்தை நிறுத்திவிட்டு, குன்றல் பகுப்பு எனப்படும் வேறுவகைப் பிரிவுக்குள் நுழைகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த குரோமோசோம்கள் இணைசேர்ந்து, தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, எண்ணிக்கையில் பாதியாகும் பிரிவு இது. ஆனால் பெண் கருவில் இது முடிவடைவதில்லை. குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்ட நிலையில் அப்படியே நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, அந்த முட்டை சூலகத்தை விட்டு வெளியேறும் தறுவாயில்தான் மீண்டும் தொடங்குகிறது. பத்து வயதுப் பசு ஒன்று வெளியிடும் முட்டை, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே நிலையில் காத்திருந்த முட்டையாகும். வயது ஏற ஏறக் குரோமோசோம் பிழைகள் கூடுவதற்கு இந்த நீண்ட காத்திருப்பும் ஒரு காரணம்.

நின்றுபோன ஒவ்வொரு முட்டையணுவையும் தட்டையான சில உயிரணுக்கள் ஓர் அடுக்காகச் சூழ்ந்துகொள்கின்றன. முட்டையும் இந்த உறையும் சேர்ந்ததே ஃபாலிக்கிள் எனப்படும் நுண்பை. மாடுகளில் இத்தகைய ஆதி நுண்பைகள் ஏறத்தாழ 90ஆவது நாளில் தென்படத் தொடங்குகின்றன. உறை கிடைக்காத முட்டையணுக்கள் பிழைப்பதில்லை.

இத்தனை உயிரணுக்களை உருவாக்கிவிட்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றை இயற்கை ஏன் அழிக்கிறது? குரோமோசோம்களைச் சரிவர இணைசேர்க்க இயலாதவை கழிக்கப்படுகின்றன என்பது ஒரு விளக்கம். சுண்டெலிகளில் 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இன்னொரு விளக்கத்தை முன்வைத்தது. கொத்தாகப் பிணைந்திருக்கும் இன உயிரணுக்களுள் பல, தம்முள் இருக்கும் உறுப்புகளைப் பக்கத்து உயிரணுவுக்குக் கொடுத்துவிட்டு மடிகின்றன, பெற்றுக்கொண்டது முட்டையாகிறது. விரயமாகத் தோன்றுவதன் ஒரு பகுதி, உண்மையில் ஊட்டமாக இருக்கலாம்.

மாடுகளில் ஒரு விந்தை உண்டு. 90ஆவது நாளிலேயே நுண்பைகள் தோன்றினாலும், அவற்றுள் வளரத் தொடங்கியவற்றை 140ஆவது நாள் அளவில்தான் காணமுடிகிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஃபார்ச்சூன் தலைமையிலான குழு, கருவிலிருந்த கன்றுகளின் சூலகத் துணுக்குகளை ஆய்வுகூடத்தில் வளர்த்து இதனை ஆராய்ந்தது. வயது முதிர்ந்த கருவின் துணுக்குகளைத் தட்டில் வைத்தவுடன், ஓரிரு நாட்களில் நுண்பைகளில் பெரும்பகுதி ஒரேயடியாக வளரத் தொடங்கின. இளங்கருவின் நுண்பைகளோ அசையவில்லை. உடலுக்குள் ஏதோ ஒரு தடை அவற்றை அடக்கி வைத்திருக்கிறது என்பதும், புதிதாக உருவான நுண்பைக்கு வளரும் திறனே சற்றுத் தாமதித்துத்தான் கிட்டுகிறது என்பதும் இதிலிருந்து தெரியவந்தன.

பிறப்புக்குப் பின்னர் புதிய முட்டைகள் உருவாவதில்லை என்ற கொள்கையை 1951ஆம் ஆண்டு நிலைநிறுத்தியவர் பிரிட்டனின் சோலி சக்கர்மன். போர்க்காலத்தில் குண்டுவீச்சுத் திட்டங்களுக்கும், பின்னாளில் பிரிட்டிஷ் அரசுக்கும் அறிவியல் ஆலோசகராக இருந்த அதே சக்கர்மன்தான். 2004ஆம் ஆண்டு பாஸ்டனைச் சேர்ந்த ஜோனதன் டில்லியின் குழு, வளர்ந்த சுண்டெலிகளில் புதிய முட்டைகள் தோன்றுவதாக அறிவித்துப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆனால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இன்றும் சக்கர்மனின் பக்கமே நிற்கின்றனர்.

இரட்டையாகப் பிறந்த கிடாரி

கருவறைக்குள் நடப்பது ஒரு விலங்கின் வாழ்வை எவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்பே மாடு வளர்ப்போர் கண்டிருந்தனர். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரி பெரும்பாலும் மலடாகவே இருக்கும். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கன்று ஈனுவதில்லை. ஆங்கிலேய விவசாயிகள் இதனை ஃப்ரீமார்ட்டின் என்று அழைத்தனர். அறுவை மருத்துவரான ஜான் ஹன்டர் 1779ஆம் ஆண்டிலேயே அவற்றை அறுத்துப் பார்த்து விவரித்துள்ளார்.

காரணத்தை விளக்கியவர் சிகாகோவின் ஃபிராங்க் லில்லி. 1916ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட விளக்கம் இதுதான்: இரட்டைக் கருக்களின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன, ஆண் கருவில் முதலில் வளர்ந்துவிடும் விதைப்பை சுரக்கும் பொருள் இரத்தத்தின் வழியே பெண் கருவைச் சென்றடைந்து அதன் சூலகத்தைச் சிதைக்கிறது. ஹார்மோன் பற்றிய அறிவு தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் சொல்லப்பட்ட விளக்கம் இது. முட்டையணுக்களை அழிப்பதில் முதன்மையானது ஆண்டி முல்லேரியன் ஹார்மோன் என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1987ஆம் ஆண்டு காட்டினர். கன்றிலிருந்து பிரித்தெடுத்த அந்த ஹார்மோனை எலிக் கருவின் சூலகத்தில் சேர்த்தபோது, முட்டையணுக்கள் மடிந்து ஃப்ரீமார்ட்டினின் சூலகத்தைப் போன்றே அது மாறியது.

இந்த இரட்டைக் கன்றுகள் வேறொரு துறைக்கும் வழிகாட்டின. இரட்டையர் ஒருவர் மற்றவரின் இரத்த அணுக்களை ஆயுள் முழுவதும் நிராகரிக்காமல் சுமந்திருப்பதை ரே ஓவன் என்பவர் 1945ஆம் ஆண்டு கண்டறிந்தார். உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடிப்படையான நோயெதிர்ப்புச் சகிப்புக் கொள்கைக்கு அது தூண்டுகோலாயிற்று. அதற்காக 1960ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவர்களின் பட்டியலில் ஓவனின் பெயர் இல்லை.

முட்டை வெறுமனே காத்திருக்கும் பொருள் அல்ல என்பதற்கு நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறிகள் சான்று. ஒரு மரபணு மாற்றத்தின் ஒரு பிரதியை மட்டும் பெற்ற பெண்ணாடுகள் வழக்கத்தைவிட அதிகக் குட்டிகளை ஈனுகின்றன. இரண்டு பிரதிகளையும் பெற்றவையோ மலடாகிவிடுகின்றன. அவற்றின் நுண்பைகள் தொடக்க நிலையைத் தாண்டி வளர்வதேயில்லை. 2000ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்ட அந்த மரபணு, முட்டையே சுரக்கும் ஒரு புரதத்துக்கு உரியது. தன்னைச் சுற்றியுள்ள உறையை வளரச் சொல்லிக் கட்டளையிடுவது முட்டைதான் என்பதை அது உணர்த்தியது.

தீவனமும் நிலமும்

மாடு வளர்ப்போர் பொதுவாகச் சினையின் கடைசி மாதங்களில்தான் தீனியில் அதிக அக்கறை காட்டுவர். கன்று வேகமாக எடை கூடும் காலம் அதுவே என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் சூலகத்தின் கணக்கு வேறு.

அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், கிடாரிகளுக்குக் கருத்தரிப்புக்குச் சற்று முன்பிருந்து சினையின் 110ஆவது நாள் வரை, உடலைப் பேணத் தேவையான சக்தியில் 60 விழுக்காடு மட்டுமே கிடைக்கும்படி தீனி குறைக்கப்பட்டது. பின்னர் முழுத் தீனி வழங்கப்பட்டது. பிறந்த கன்றுகளின் எடையில் வேறுபாடு இல்லை. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் அவை வளர்ந்தபோது ஸ்கேன் கருவியில் காணப்பட்ட வளரும் நுண்பைகளின் எண்ணிக்கை, நன்கு தீனி பெற்ற தாய்களின் கன்றுகளோடு ஒப்பிடுகையில் 60 விழுக்காடு குறைவாக இருந்தது. இரத்த அழுத்தமும் கூடியிருந்தது.

110ஆவது நாள் என்பது எரிக்சன் கண்ட உச்சத்தின் நாள். சேமிப்பு பெருகும் வாரங்களில் நேர்ந்த பசி, பிறகு கிடைத்த தீனியால் ஈடு செய்யப்படவில்லை என்றே இதனைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது. கன்றின் எடையை வைத்துத் தாயின் பராமரிப்பை மதிப்பிடும் வழக்கம் இந்த இழப்பைக் கண்டுகொள்ளாது.

நவீன பால் பண்ணையின் நடைமுறையோடு இதனைச் சேர்த்துப் பார்த்தால் கவலை கூடுகிறது. கன்று ஈன்ற இரண்டு மூன்று மாதங்களில், பால் சுரப்பு உச்சத்தை ஒட்டியிருக்கும்போதே பசுவுக்கு மறுபடியும் கருவூட்டப்படுகிறது. உண்பதைவிட அதிக சக்தியை மடி வழியே இழந்துவந்த உடல், அதிலிருந்து மீண்டு வரும் வேளையிலேயே அடுத்த கருவின் முதல் மாதங்களையும் தாங்க வேண்டும். வறட்சியில் மேய்ச்சல் நிலம் காய்ந்துபோன நாட்டில் நிற்கும் சினைமாட்டுக்கும் இதே நிலைதான், காரணம் மட்டுமே வேறு. வறட்சி நிவாரணத் திட்டங்கள் மடியும் மாடுகளை எண்ணுகின்றன. பிழைத்த மாடுகளின் வயிற்றிலிருந்த கிடாரிகள் எதை இழந்தன என்பதை எண்ணுவாரில்லை.

உணவு மட்டுமல்ல, நிலமும் கருவைத் தொடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கழிவுநீர்ச் சகதியைக் கடலில் கொட்டுவதை 1998ஆம் ஆண்டு இறுதியோடு தடை செய்தது. சகதியை வேறு வழிகளில் அகற்ற வேண்டிய நிலையில், அதனை வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் உரமாக இடுவது முக்கிய வழிகளில் ஒன்றாயிற்று. அதில் சத்துக்களோடு வீடுகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வந்த வேதிப்பொருட்களும் சிறு சிறு அளவில் கலந்திருக்கும். ஸ்காட்லாந்தில் அத்தகைய நிலத்தில் மேய்ந்த செம்மறிகளின் கருக்களை ஆராய்ந்த குழு, அவற்றின் சூலகங்களில் முட்டையணுக்கள் அடர்த்தி குறைந்து காணப்பட்டதாக 2008ஆம் ஆண்டு தெரிவித்தது. தனித்தனியே பார்த்தால் தீங்கற்றவை என்று கருதப்படும் அளவுகளே அவை. சினையின் எந்தக் கட்டத்தில் தாய் அந்த நிலத்தில் மேய்ந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறுபடுவதையும் 2016ஆம் ஆண்டின் தொடர் ஆய்வு காட்டியது. கடலைக் காக்க எடுத்த முடிவு ஒன்றின் விலையை நிலத்தில் மேய்ந்த ஆட்டின் கருவில் அளக்க வேண்டியதாயிற்று.

மனிதருக்கான முன்மாதிரி

ஆய்வுகூடங்களில் எங்கும் கிடைக்கும் சுண்டெலியை விட்டுவிட்டு மாட்டையும் ஆட்டையும் ஏன் நாட வேண்டும் என்ற கேள்வி எழலாம். சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று வாரங்கள். அதன் நுண்பைகள் பெரும்பாலும் பிறந்த பின்னரே உருவாகின்றன. பசுவோ மனிதரைப் போலவே ஒன்பது மாதங்கள் சுமக்கிறது, பெரும்பாலும் ஒன்றையே ஈனுகிறது. நுண்பைகளும் மனிதக் கருவைப் போலவே கருப்பைக்குள் உருவாகின்றன. மனிதக் கருவிலும் ஐந்தாம் மாதத்தில் ஏறத்தாழ 70 இலட்சத்தை எட்டும் இன உயிரணுக்கள், பிறப்பின்போது பத்து முதல் இருபது இலட்சமாகக் குறைந்துவிடுகின்றன.

இந்த ஒற்றுமை பலன் தந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் ராட்ஜர்ஸ் குழுவினர் மாட்டுக் கருக்களைக் கொண்டு சூலகம் உருவாகும் விதம் பற்றிய புதிய விளக்கத்தை 2013ஆம் ஆண்டு முன்வைத்தனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வசந்தா பத்மநாபனும் அவரது சகாக்களும், சினையாடுகளுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் பிறக்கும் பெண்குட்டிகளின் சூலகம் பின்னாளில் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். பெண்கள் பலரைப் பாதிக்கும் சூலக நீர்க்கட்டி நோய்க்குறியின் வேர் கருப்பையில் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இவ்விரு குழுக்களும் வலுச்சேர்த்துள்ளன.

எடின்பரோவில் ரோஜர் காஸ்டனும் சகாக்களும், உறைய வைத்த சூலகத் துணுக்கை அதே செம்மறி ஆட்டுக்குத் திரும்பப் பொருத்திக் குட்டி பெறமுடியும் என்று 1994ஆம் ஆண்டு நிரூபித்தனர். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் சூலகத் திசுவைச் சேமித்து வைத்த பெண்ணொருவர் அதன் மூலம் குழந்தை பெற்றது 2004ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நிகழ்ந்தது. ஆட்டிலிருந்து மனிதருக்கு வரப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் அதே காலப்பகுதியில் எழுந்த இன்னொரு யோசனை பிரிட்டனை உலுக்கியது. கருக்கலைப்பில் கிடைக்கும் பெண் கருக்களின் சூலகத்தில் இலட்சக்கணக்கில் முட்டையணுக்கள் இருக்கும்போது, தானமாக முட்டை கிடைக்காத தம்பதியருக்கு அவற்றை வளர்த்துப் பயன்படுத்தலாமே என்பதே அது. பிறக்கவே பிறக்காத ஒருத்தியைத் தாயாகக் கொண்ட குழந்தையிடம் என்ன சொல்வது என்ற கேள்வி எழுந்தது. 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின் மூலம் நாடாளுமன்றம் அதனைத் தடை செய்தது. நாடாளுமன்றங்கள் அறிவியலுக்குப் பின்னால் ஓடுவதே வழக்கம். அன்று அது முந்திக்கொண்டது.

மாடுகளின் விடயத்தில் அத்தகைய தயக்கம் எழவில்லை. கருவிலிருக்கும் கன்றின் முட்டையணுக்களை எடுத்துக் கருவூட்டினால், ஒரு தலைமுறை பிறப்பதற்கு முன்பே அடுத்த தலைமுறையை உருவாக்கிவிடலாம் என்ற யோசனையை மிஷெல் ஜார்ஜஸும் ஜோ மாஸியும் 1991ஆம் ஆண்டு வெளிப்படையாக முன்வைத்து, அதற்கு 'வெலோஜெனெட்டிக்ஸ்' என்று பெயரும் சூட்டினர். பல ஆண்டுகள் எடுக்கும் இனமேம்பாட்டைச் சில மாதங்களாகச் சுருக்குவது அதன் நோக்கம். ஆதி நுண்பைக்குள் உறங்கும் முட்டையைத் தட்டில் வைத்து முழு அளவுக்கு வளர்த்தெடுப்பது கடினமாக இருப்பதால், அத்திட்டம் பண்ணைகளை எட்டவில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின் மரபணுத் தொகுதியைக் கொண்டு கன்றுகளைத் தெரிவு செய்யும் முறை பரவியதும், பிறந்து சில மாதங்களே ஆன கிடாரிகளிடமிருந்து முட்டை எடுப்பதில் கவனம் திரும்பியது.

இறைச்சிக்கூடத்திலிருந்து

மேற்கூறிய ஆய்வுகளில் கணிசமானவற்றுக்குத் தேவையான சூலகங்கள் இறைச்சிக்கூடங்களிலிருந்து வந்தவை. அதாவது, சினையாக இருக்கும்போதே வெட்டப்பட்ட பசுக்களின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆய்வுக்காக அவை கொல்லப்படவில்லை என்பது உண்மை. சினையாக இருப்பது தெரியாமலோ, தெரிந்தும் பொருட்படுத்தாமலோ பசுக்கள் வெட்டப்படுகின்றன என்பதும் உண்மையே.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் வெட்டப்படும் பால்மாடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று, சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் இருப்பவை. அதே ஆண்டில் ஜெர்மனி, சினையின் அந்தக் கடைசிக் கட்டத்திலுள்ள விலங்குகளை இறைச்சிக்காக வெட்டுவதற்குத் தடை விதித்தது. நோய் போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு. முட்டையணுக்கள் பெருகி, மடிந்து, உறை பெறும் முதல் இரு கட்டங்கள் அத்தடைக்கு வெளியே இருக்கின்றன. செம்மறிகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் தடை பொருந்தாது.